விருப்பாட்சி கோபால் நாயக்கர்: வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர் கட்டிய கூட்டணி ஏன் உடைந்தது?

விருப்பாட்சி என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது மலைவாழைப்பழம். பழநி பஞ்சாமிர்தத்தில் சேர்க்கிற, புவிசார் குறியீடு வாங்கிய அதே பழம்தான். திண்டுக்கல்லில் இருந்து பழநிக்குப் போகிற வழியில், ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வருகிற சின்ன ஊர் அது. பஸ் நிற்கும், இரண்டு பேர் இறங்குவார்கள், கிளம்பிவிடும்.

அந்த ஊரில் 1800 ஏப்ரலில் ஒரு கூட்டம் நடந்தது. கிழக்கிந்திய கம்பெனியை எதிர்த்து ஒரே திட்டத்தில் போராடலாம் என்று தென்னிந்தியாவின் பல மூலைகளில் இருந்து ஆட்கள் வந்து பேசினார்கள். தலைமை தாங்கியவர் அந்த ஊர் பாளையக்காரர் கோபால் நாயக்கர். சிவகங்கை மருது சகோதரர்கள், மலபாரின் பழசி ராஜா கேரள வர்மா, மைசூர் பக்கத்தில் தூந்தாஜி வாக், கிருஷ்ணப்ப நாயக்கர் என்று அந்தக் கூட்டணி விரிந்துகிடந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது, மராத்தி என ஆறு மொழி பேசுகிறவர்கள் அதற்குள் இருந்தார்கள். வரலாற்றாசிரியர் கே.ராஜய்யன் இதைத்தான் தென்னிந்தியப் புரட்சி, முதல் சுதந்திரப் போர் என்று எழுதினார்.

ஒன்றரை வருடத்தில் அது சிதறிவிட்டது. ஏன் என்று கேட்டால், துரோகம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் கோபால் நாயக்கரின் வாழ்க்கையைப் பார்த்தால், விஷயம் அதைவிடச் சிக்கலானது என்று தெரியும்.

பாளையம் என்றால் என்ன?

மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் 16-ம் நூற்றாண்டில் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். பாளையக்காரர் தன் பகுதியில் வரி வசூலிப்பார், வழக்கு தீர்ப்பார், படை வைத்திருப்பார். மதுரைக்கு ஒரு பங்கு கட்ட வேண்டும், கூப்பிட்டால் படையோடு போக வேண்டும். வரி தவிர இன்னொரு வருமானமும் இருந்தது, காவல் கட்டணம். ஊரைத் திருடர்களிடம் இருந்து காப்பதற்காக கிராமங்கள் தருவது. திருட்டுப் போனால் காவல்காரர்தான் ஈடு கொடுக்க வேண்டும்.

மதுரை நாயக்கர் ஆட்சி 1730-களில் முடிந்தது. மேலே இருந்த அரசு போய்விட்டது, கீழே பாளையங்கள் மட்டும் அப்படியே நின்றன. அதன் பிறகு திண்டுக்கல் பாளையக்காரர்கள் யாருக்குக் கப்பம் கட்டுவது என்பதே ஒரு பெரிய கதை.

1755-ல் மைசூர் அரசின் அதிகாரியாக ஹைதர் அலி திண்டுக்கல் வந்தார். பாக்கி வைத்திருந்த பாளையங்களை அடக்கி வசூலித்ததுதான் அவருடைய ஆரம்பகால வேலை. 1783-ல் கம்பெனிப் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தது. அடுத்த வருடமே மங்களூர் ஒப்பந்தப்படி திப்பு சுல்தானிடம் திருப்பிக் கொடுத்தது. 1790-ல் மறுபடி பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்தில் திண்டுக்கல் நிரந்தரமாகக் கம்பெனி கைக்குப் போனது. பத்து வருடத்துக்குள் அந்தப் பாறை மேல் இத்தனை முறை கொடி மாறியிருக்கிறது. கொடி மாறும்போதெல்லாம் புதிதாக ஒருவர் வந்து கப்பம் கேட்பார். முன்னாடி இருந்தவருக்குக் கட்டியது கணக்கில் வராது.

எட்டு வருட அடைக்கலம்

கோபால் நாயக்கரின் முழுப்பெயர் திருமலை குப்பல சின்னப்ப நாயக்கர் என்று சொல்லப்படுகிறது. அவருடைய பெயர் தமிழ்நாட்டு வரலாற்றில் அழுத்தமாக விழுவது 1772-ல்.

அந்த வருடம் ஜூனில் காளையார்கோவிலில் ஆற்காடு நவாப்பின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. ராணி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பினார். அமைச்சர் தாண்டவராயன் பிள்ளையும் மருது சகோதரர்களும் துணையாக இருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடம் விருப்பாட்சி. எட்டு வருடம் அங்கேதான் இருந்தார்கள்.

ஏன் விருப்பாட்சி? திண்டுக்கல் சீமை அப்போது மைசூரின் செல்வாக்கில் இருந்தது. நவாப் நினைத்தவுடன் அங்கே படையோடு வந்துவிட முடியாது. ஊருக்குத் தெற்கே பழநி மலைத்தொடர், ஆபத்து என்றால் ஏறிக்கொள்ளலாம். இதெல்லாம் காரணங்கள்தான். ஆனாலும் நாடிழந்த ராணியை எட்டு வருடம் வைத்திருப்பது விளையாட்டில்லை. அவரோடு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், படை திரட்ட இடம் கொடுக்க வேண்டும், நவாப்பின் பகையையும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நடுத்தரப் பாளையம் தன் கஜானாவில் இருந்து பக்கத்து நாட்டின் அரசியலுக்குச் செலவு செய்தது.

சிவகங்கை சார்பில் ஹைதர் அலிக்குக் கடிதம் போனது. 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கேட்டார்கள். வேலு நாச்சியார் உருது பேசுவார் என்பதும், ஹைதரிடம் நேரில் நிலைமையை விளக்கினார் என்பதும் நம் பாடநூல்களிலேயே இருக்கிறது. திண்டுக்கல் கோட்டைத் தளபதி சையதுக்கு உதவும்படி உத்தரவு வந்தது. கோபால் நாயக்கரும் ஹைதரும் துணை நிற்க, வேலு நாச்சியார் 1780-ல் சிவகங்கையை மீட்டார்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 25 வருடத்துக்கு முன் திண்டுக்கல் பாளையங்களை நசுக்கிய ஹைதரோடுதான் இப்போது கூட்டு. கோபால் நாயக்கர் பழைய பகையைக் கணக்கில் எடுக்கவில்லை, அல்லது எடுத்தும் ஒதுக்கி வைத்தார். பின்னாளில் அவர் கட்டிய கூட்டணிக்கான பயிற்சி இங்கேயே தொடங்கிவிட்டது. மருது சகோதரர்களுக்கும் அவருக்குமான நம்பிக்கை அந்த எட்டு வருடத்தில் வேர்விட்டது.

திண்டுக்கல் கூட்டமைப்பு

1792-க்குப் பிறகு கேள்வி மாறியது. இதுவரை மேலே யார் இருந்தாலும் பாளையக்காரர் பாளையக்காரராகவே இருந்தார். கம்பெனியின் கலெக்டரோ நிலத்தை அளந்தார், எல்லைகளைக் கேள்வி கேட்டார், கப்பத்தை நிர்ணயித்து நேரத்துக்குக் கட்டச் சொன்னார். கப்பம் தவறினால் பாளையமே போகும். இன்றைய மொழியில் சொன்னால், தவணை தவறியதும் வீட்டை ஜப்தி செய்கிற மாதிரி.

கோபால் நாயக்கர் பக்கத்துப் பாளையங்களைச் சேர்க்கத் தொடங்கினார். மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூஜை நாயக்கர் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். வரைபடத்தில் இந்த ஊர்களைப் பாருங்கள். மணப்பாறை திருச்சி சாலையில், தேவதானப்பட்டி கொடைக்கானல் மலைக்கு அந்தப் பக்கம், விருப்பாட்சி மலைக்கு இந்தப் பக்கம். நடுவில் கம்பெனி உட்கார்ந்திருந்த திண்டுக்கல் கோட்டை. விருப்பாட்சியில் இருந்து மேற்கே போனால் தாராபுரம், கோவை. கிழக்கே போனால் நத்தம் வழியாக சிவகங்கைச் சீமை. கூட்டணிக்கு ஒரு மையம் வேண்டும் என்றால், இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

திப்பு சுல்தானும் இவருடன் தொடர்பில் இருந்தார், தூதுக் குழுவே அனுப்பினார். 1799 மே மாதம் திப்பு கொல்லப்பட்டார். அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஆறு மாதத்துக்குள் இரண்டு பெரிய தூண்கள் சாய்ந்தன. மிச்சம் இருந்தவர்களுக்கு, தனித்தனியாக நின்றால் அடுத்தது நாம்தான் என்பது புரிந்துபோனது. விருப்பாட்சிக் கூட்டம் அந்தப் பயத்தில் இருந்தும் பிறந்ததுதான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. கம்பெனிக்குச் சாதகமாக நடந்துகொண்ட ஊர்த் தலைவர்களிடம் கோபால் நாயக்கர் அபராதம் வசூலித்தார். பொதுவாக இதை வீரமாகவே எழுதுகிறார்கள். கிராமத்து ஆள் பக்கம் இருந்து யோசித்தால் வேறு மாதிரி தெரியும். கலெக்டருக்கு வரி கட்டாவிட்டால் அங்கே தண்டனை. கட்டினால் இங்கே அபராதம். கூட்டணிகளின் செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை.

ஒரே எதிரி, வேறு வேறு கணக்கு

சரி, கூட்டணிக்குள் யாருக்கு என்ன வேண்டும்?

திண்டுக்கல் பாளையக்காரர்கள் கம்பெனியின் நேரடி ஆட்சியில் இருந்தார்கள். பழைய உரிமைகள் திரும்ப வேண்டும் என்பது அவர்களுடைய அவசரம். கோவைச் சீமை திப்பு இறந்த பிறகு, அப்போதுதான் கம்பெனியிடம் வந்திருந்தது. திப்புவின் ஆட்கள் பலர் அங்கே வேலையிழந்து நின்றார்கள். கேரள வர்மாவுக்கு கோட்டயமும் வயநாடும் முக்கியம். அவருடைய சண்டை 1793-லேயே தொடங்கிவிட்டது. தூந்தாஜி வாக் மைசூர் சிறையில் இருந்து தப்பியவர். தனக்கென ஒரு ராஜ்யத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

சிவகங்கைதான் இதில் தனி ரகம். மருது சகோதரர்கள் அப்போது ஒரு வளமான நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர்கள். மற்றவர்கள் இழந்ததை மீட்கச் சண்டை போட்டார்கள். இவர்களோ இருப்பதைப் பணயம் வைக்க வேண்டும். போதாததற்கு ராமநாதபுரம் சேதுபதிக்கும் சிவகங்கைக்கும் 1790-களில் நடந்த மோதலின் காயம் ஆறவில்லை. அங்கிருந்து வருகிறவர்களையும் இதே அணிக்குள்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்தத் தலைவலி இவர்களுக்கு மட்டும் வந்ததில்லை. இங்கிலாந்திடம் இருந்து பிரிந்த 13 அமெரிக்க மாநிலங்கள் 1781-ல் ஓர் ஒன்றியம் அமைத்தன. பொது அவைக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது, மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். எட்டே வருடத்தில் அதை மூட்டைகட்டிவிட்டுப் புதிய அரசியல் சட்டத்துக்குப் போனார்கள். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளியுறவு விவகாரம் என்றால் 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு முரண்டு பிடித்தால் எல்லாம் நிற்கும். 2010-ல் கிரீஸ் கடனில் மூழ்கியபோது, யாருடைய கடனை யார் அடைப்பது என்று வருடக்கணக்கில் இழுத்தார்கள்.

ஆனால் அமெரிக்காவுக்கு ஓர் ஒப்பந்தப் பத்திரமாவது இருந்தது. விருப்பாட்சிக் கூட்டணிக்குப் பொது கஜானா கிடையாது. எல்லாப் படைக்கும் ஒரே தளபதி கிடையாது. தகவல் தூதர்கள் மூலம் போய்ச் சேர வேண்டும், அதுவும் கம்பெனியின் காவல் சாவடிகளைத் தாண்டி. கோபால் நாயக்கரிடம் இருந்தது மரியாதையும் பழைய நட்பும் நல்ல இடத்தில் அமைந்த ஒரு பாளையமும்தான்.

தவணை முறையில் நடந்த போர்

முதல் அடி கோவையில் என்று முடிவானது. நாள், 1800 ஜூன் 3. அன்று மொகரம். கோட்டையில் இருக்கிற முஸ்லிம் சிப்பாய்கள் பண்டிகையில் இருப்பார்கள், காவல் தளர்ந்திருக்கும் என்பது கணக்கு. வடக்கே தூந்தாஜியின் குதிரைப்படை கம்பெனியை அலைக்கழிக்க வேண்டும் என்பதும் எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. கோவைத் தாக்குதல் தோற்றது. பிடிபட்டவர்களில் 40-க்கும் மேற்பட்டவர்களைக் கம்பெனி தூக்கிலிட்டது. தூந்தாஜி அப்போது துங்கபத்திரைப் பக்கம் இருந்தார், கோவைக்கு அவர் வருகிற வழியே இல்லை. ஆர்தர் வெல்லெஸ்லி அவரை மராத்தியர் நாட்டுக்குள்ளும் துரத்திக்கொண்டு போய், 1800 செப்டம்பர் 10-ல் கொன்றார். மைசூர்த் தூண் அத்தோடு போனது.

அடுத்த தீ எரிந்தது 1801 பிப்ரவரியில். பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பிய ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி கட்டினார். மே 24 வரை தாக்குப்பிடித்தார்கள். ஏறக்குறைய இதே காலத்தில் கம்பெனி விருப்பாட்சி மேலும் கை வைத்தது. லெப்டினன்ட் கர்னல் இன்னஸின் படை வந்தது. கோபால் நாயக்கர் கோட்டையை விட்டு மலைக்காட்டுக்குப் போனார். ஆனைமலைப் பகுதியில் குடியானவர்கள் அவருக்கு முழு ஆதரவு கொடுத்தார்கள், அங்கே கடுமையாகச் சண்டை நடந்தது. இருந்தும் 1801-ல் அவர் பிடிபட்டார்.

சிவகங்கை வெளிப்படையாகப் போரில் இறங்கியது அதன் பிறகுதான். பாஞ்சாலங்குறிச்சி விழுந்து, ஊமைத்துரை அடைக்கலம் தேடி வந்தபோது மருது சகோதரர்கள் கதவைத் திறந்தார்கள். விருப்பாட்சி அவர்களுக்குச் செய்ததை அவர்கள் ஊமைத்துரைக்குச் செய்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜூன் 16-ல் சின்ன மருதுவின் புகழ்பெற்ற பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்டது. சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் சேர வேண்டும் என்ற அழைப்பு. கோவை அடிபட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

கம்பெனிக்கு இது எவ்வளவு வசதி என்று பாருங்கள். பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த கர்னல் அக்னியூதான் அடுத்து சிவகங்கைக்குப் படை நடத்தினார். ஒரு தீயை அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போக அவருக்கு அவகாசம் கிடைத்தது. ஜூன், செப்டம்பர், பிப்ரவரி, மே, அக்டோபர் என்று தவணை முறையில் நடந்த போர் இது. மொத்தமாக ஒரே மாதத்தில் வந்திருந்தால் கம்பெனியிடம் ஆள் போதுமாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

விலகி நின்றவர்களுக்குக் கிடைத்தது என்ன?

புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரம் பாளையக்காரரும் கம்பெனி பக்கம் நின்றார்கள். இன்றும் மேடைகளில் திட்டு வாங்குகிறார்கள். அவர்களுடைய கணக்கு என்ன? எட்டயபுரத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கு கிடைத்தது. புதுக்கோட்டைக்கு 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் கிடைத்தன. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 வரை தனியாகவே நீடித்தது. கம்பெனியால் உடன் நின்றவருக்கு உடனே கூலி கொடுக்க முடிந்தது. கோபால் நாயக்கரால் கொடுக்க முடிந்தது, ஜெயித்தால் கிடைக்கலாம் என்கிற நம்பிக்கை மட்டும்.

சிவகங்கையை உள்ளிருந்தே உடைத்ததும் இதே முறையில்தான். 1801 செப்டம்பரில் சோழபுரத்தில் வைத்து படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கை ஜமீன்தாராகக் கம்பெனி அறிவித்தது. அரச வம்சத்துக்கு உரியவர் அவர்தான் என்று நினைத்த ஒரு பகுதி மக்கள் மருதுகளை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு தோட்டாகூட செலவாகவில்லை. அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை.

கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்டது திண்டுக்கல்லில், ஒரு குளக்கரையில் என்பது ஊரில் நிலைத்துவிட்ட செய்தி. அந்தக் குளத்துக்கு கோபாலசமுத்திரம் என்று பெயர் வந்ததும் அதனால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 108 விநாயகர் கோயில் இருக்கிறதே, அதே கரைதான். விருப்பாட்சியில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது.

விருப்பாட்சிப் பாளையம் பறிமுதலானது. அதே ஆண்டு ஜூலையில் ஆற்காடு நவாப்பும் ஒப்பந்தம் போட்டு நாட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. 70-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர்.

தூந்தாஜியைத் துரத்திய ஆர்தர் வெல்லெஸ்லி பிறகு வெலிங்டன் பிரபு ஆனார். 1815 ஜூன் 18, வாட்டர்லூ. நெப்போலியனுக்கு எதிராக அவர் வழிநடத்தியதும் ஒரு கூட்டணிப் படைதான். ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஜெர்மானியர் என்று கலந்திருந்தார்கள். ஐரோப்பியக் கூட்டாளிகளின் போர்ச் செலவில் பெரும்பகுதிக்கு லண்டன் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. அன்று மாலை, வெலிங்டன் அணி தள்ளாடிய நேரத்தில் பிரஷ்யப் படை வந்து சேர்ந்தது.

விருப்பாட்சிக் கூட்டணியின் பெரிய தலைவர்களில் கடைசிவரை களத்தில் நின்றவர் கேரள வர்மா. வயநாட்டுக் காட்டுக்குள் இருந்தபடி இன்னும் நான்கு வருடம் சண்டை போட்டார். 1805 நவம்பர் 30-ல் அவர் இறந்தபோது கிழக்கே அவருக்கு உதவ யாரும் மிச்சமில்லை.